கரண்ட் போனால் வீட்டு போனும் போய்விடுமா?

வாசகர் கேள்வி:

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். எனக்கு 68, அவருக்கு 74. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் லேண்ட்லைன் உண்டு. கம்பி லைன் இனி கிடையாது என்று சொல்லி, மூன்று வருடத்துக்கு முன் அதே நம்பரை ஃபைபருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஃபெஞ்சல் புயல் வந்த அன்று, 2024 நவம்பர் 30, சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் இருந்ததால் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. போன் மட்டும் செத்துக் கிடந்தது. ராத்திரி இவருக்கு மூச்சு வாங்கியது. செல்லிலும் சிக்னல் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் கொட்டுகிற மழையில் போய் ஒரு டாக்டரைக் கூட்டிவந்தான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகன், இன்டர்நெட்டில் வேலை செய்யும் போன் பெட்டி ஒன்றை அனுப்புகிறேன், கவலையை விடுங்கள் என்கிறான். சென்னையில் இருக்கும் மகள், வாட்ஸப் இருக்கும்போது லேண்ட்லைன் எதற்கு, ரத்து செய்துவிடுங்கள் என்கிறாள். அந்தக் காலத்துக் கறுப்பு போன் எந்தப் புயலிலும் பேசியதே! இப்போதிருக்கும் போனை நம்பலாமா, வேண்டாமா?

பதில் (பணி ஓய்வு பெற்ற தொலைபேசிப் பொறியாளர், புதுச்சேரி):

அம்மா, நேராகச் சொல்லிவிடுகிறேன். லேண்ட்லைனை ரத்து செய்யாதீர்கள். ஆனால் ஐயாவின் உயிருக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வீட்டுக்குள் இரண்டு சின்ன வேலை செய்தால், கரண்ட் போன பிறகும் அது சில மணி நேரம் பேசும். அதற்குப் பிறகு அது பேசுமா என்பது உங்கள் கையில் இல்லை. அந்த நேரத்துக்கு இரண்டாவது வழி ஒன்று வேண்டும். அதை இப்போதே, வெயில் அடிக்கும் நாளிலேயே செய்து வைக்க வேண்டும்.

கறுப்பு போன் ஏன் பேசியது என்று கேட்டால், அதற்கு உங்கள் வீட்டுக் கரண்ட் தேவையே இல்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறை என்று ஒன்று இருக்கும். ஆளுயர வரிசையில் இரண்டு வோல்ட் செல்கள் 24. மொத்தம் 48 வோல்ட். கதவைத் திறந்தாலே ஆசிட் வாடை மூக்கில் ஏறும். ஒவ்வொரு செல்லாக, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்து, நோட்டில் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அந்த 48 வோல்ட்தான் செம்புக் கம்பி வழியாக உங்கள் வீட்டு ரிசீவர் வரைக்கும் வந்து நிற்கும். நீங்கள் ரிசீவரை எடுத்தவுடன் டயல் டோன் கொடுத்ததும் அதுதான். மணி அடிப்பதற்குத் தனியாக 75 வோல்ட் மின்சாரம் அதே கம்பியில் வரும். மழையில் கம்பத்தின் மேல் உட்கார்ந்து ஜாயின்ட் போடும் லைன்மேனின் ஈரக் கையில், அந்த நேரம் பார்த்து யாராவது அந்த நம்பருக்கு போன் போட்டால், கையைத் தூக்கி அடிக்கும். கரண்ட் போனால் பேட்டரி. பேட்டரி இறங்குவதற்குள் டீசல் என்ஜின். ஊரே இருட்டில் கிடந்தாலும் போனுக்கு உயிர் இருந்தது இதனால்தான்.

ஆனால் எந்தப் புயலிலும் பேசியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது முழு உண்மை இல்லை அம்மா. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதே, நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த புயல். அன்றைக்கு எக்ஸ்சேஞ்ச் உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெளியேதான் கம்பங்கள் படுத்துவிட்டன. மண்ணுக்கடியில் போன கேபிளில் இருந்தவர்கள் பேசினார்கள், கம்பம் வழியாக லைன் வாங்கியவர்களுக்கு நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் போன் இல்லை. வெள்ளம் வந்தால் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி ‘கரகர’ என்று இரைச்சல் கேட்கும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். இடி இடிக்கும்போது ரிசீவரை எடுக்காதே என்று வீட்டில் சொல்வார்களே, அதுவும் அந்தச் செம்புக் கம்பி கொண்டுவந்த ஆபத்துதான். இவ்வளவும் சொல்வது, பழைய போனை இழந்ததால்தான் இந்தக் கஷ்டம் என்று நீங்கள் மனம் வருந்தக் கூடாது என்பதற்காக. ஃபைபருக்கு என்று நல்ல குணங்கள் உண்டு. கண்ணாடி இழைக்கு ஈரத்தால் கேடில்லை, துருப் பிடிக்காது. இரைச்சலும் கிடையாது.

அதன் குறை ஒன்றே ஒன்று. கண்ணாடி இழையில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து பேட்டரிக் கரண்டை உங்கள் வீடு வரைக்கும் அனுப்ப வழியே இல்லை. வந்து சேரும் வெளிச்சத்தைப் பேச்சாக மாற்றுகிற வேலையை உங்கள் ஹாலில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி செய்கிறது. உங்கள் லேண்ட்லைன் போனின் ஒயர் அதன் பின்பக்கத்தில்தான் சொருகியிருக்கும், பாருங்கள். முன்பு எக்ஸ்சேஞ்ச் கொடுத்த டயல் டோனை இப்போது அந்தப் பெட்டி கொடுக்கிறது. பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் போனுக்கு உயிர் இல்லை.

சரி, இன்வெர்ட்டர் இருந்ததே, ஃபேன் சுற்றியதே, பிறகு ஏன் போன் செத்தது? உங்கள் கடிதத்தில் இந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எது என்று நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

முதல் காரணம் உங்கள் வீட்டு ஒயரிங். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் போடும்போது எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் லைன் கொடுப்பார். டிவி இருக்கும் சுவரின் பிளக் பாயின்ட்டை விட்டுவிடுவார். டிவி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் என்று எதையாவது சொருகிப் பேட்டரியைக் காலி செய்துவிடுவார்கள் என்ற பயம், நியாயமான பயம். ஃபைபர் பெட்டி பின்னால் வந்தது. டிவிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பாயின்ட்டில் அதைச் சொருகிவிட்டுப் போயிருப்பார்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். அப்படி இருந்தால் சரி செய்வது அரை மணி நேர வேலை. அந்த ஒரு பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். சுவரை உடைக்க வேண்டாம் என்றால், ஃபேன் சுவிட்ச் போர்டிலேயே இருக்கும் ஐந்து ஆம்பியர் பாயின்ட் இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்று சோதித்து, பெட்டியை அங்கே நகர்த்தச் சொல்லுங்கள். ஃபைபர் ஒயரை மட்டும் நீங்கள் இழுக்காதீர்கள். கூர்மையாக மடங்கினால் உள்ளே இழை உடைந்துவிடும். அதைக் கேபிள்காரர் வந்து செய்யட்டும்.

இன்னொன்று. நீங்கள் பேசும் போன் ஒயர் உள்ளதா, கார்ட்லெஸ்ஸா என்று எழுதவில்லை. கார்ட்லெஸ் என்றால் அதை வைக்கும் தட்டுக்குத் தனியாக ஒரு அடாப்டர் உண்டு. அதற்கும் கரண்ட் வேண்டும். பெட்டி இன்வெர்ட்டரில் இருந்து, கார்ட்லெஸ் தட்டு வேறு பாயின்ட்டில் இருந்தால் மறுபடியும் இதே கதைதான். பரணில் பழைய ஒயர் போன் கிடந்தால் எடுத்துத் துடைத்து, பெட்டியில் நேராகச் சொருகிப் பாருங்கள். அதற்குத் தனிக் கரண்ட் தேவையில்லை, பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பட்டன் வைத்த போனாக இருக்கட்டும். வட்டமாகச் சுழற்றும் போனின் டயலை இந்தப் பெட்டிகளில் பலவும் புரிந்துகொள்ளாது.

இரண்டாவது காரணம் வீட்டுக்கு வெளியே. உங்கள் பெட்டிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் இன்னும் சில இடங்களில் கரண்ட் தேவைப்படுகிறது. கம்பத்தில் தொங்கும் சின்னக் கறுப்புப் பெட்டியில் இழையைப் பிரிப்பார்களே, அதற்குக் கரண்ட் வேண்டாம். அது வெறும் கண்ணாடிதான். ஆனால் உங்கள் தெரு இழைகளெல்லாம் போய்ச் சேருகிற இடம், பல ஊர்களில் ஒரு கேபிள் ஆபரேட்டரின் கடையாகவோ வாடகை அறையாகவோ இருக்கிறது. அங்கே ஒரு கருவி, அதற்குக் கீழே ஒன்றோ இரண்டோ பேட்டரி. எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறை மாதிரி அது இருக்காது. நான்கு மணி நேரம் தாங்கும் இடமும் உண்டு, ஒரு மணி நேரத்தில் படுத்துவிடும் இடமும் உண்டு. அது படுத்தால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயனில்லை.

எந்தக் காரணம் என்று தெரிந்துகொள்ள, பெட்டியின் முகத்தில் வரிசையாக எரியும் சின்ன விளக்குகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை பார்த்தால் போதும். ‘பவர்’ என்பது கரண்ட். ‘பி.ஓ.என்.’ என்ற மூன்று எழுத்து பச்சையாக அசையாமல் எரிந்தால், அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது, அங்கே கருவியும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ‘எல்.ஓ.எஸ்.’ என்று சிவப்பு விளக்கு மின்னினால் வெளிச்சம் வரவில்லை. வழியில் இழை அறுந்திருக்கலாம், அல்லது எதிர்ப்பக்கக் கருவி நின்றிருக்கலாம். கடைசியாக ‘போன்’ என்றோ ‘டெல்’ என்றோ ஒரு விளக்கு, அல்லது ரிசீவர் படம். அது எரிந்தால்தான் டயல் டோன். புயல் ராத்திரியில் எல்லா விளக்கும் அணைந்து கிடந்ததா, இல்லை சிவப்பு மின்னியதா? எல்லாம் அணைந்திருந்தால் முதல் காரணம். சிவப்பு மின்னியிருந்தால் இரண்டாவது.

இன்னும் ஒரு விஷயம். கரண்ட் திரும்பி வந்தவுடன் ரிசீவரை எடுத்துப் பார்த்துவிட்டு ‘இன்னும் செத்துத்தான் கிடக்கிறது’ என்று வைத்துவிடாதீர்கள். பெட்டி எழுந்து, இழையைப் பிடித்து, உங்கள் நம்பரைப் பதிவு செய்துகொள்ள இரண்டு மூன்று நிமிடம் ஆகும். போன் விளக்குதான் கடைசியில் வரும். புயல் காற்றில் கரண்ட் வந்து வந்து போனால், ஒவ்வொரு முறையும் இந்த மூன்று நிமிடம் போகும்.

இப்போது சோதனை. இது புயலுக்கு முன்பே செய்ய வேண்டியது. ஒரு நாள் பகலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஃபேன் இன்வெர்ட்டருக்கு மாறும். பெட்டியின் விளக்குகள் அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அணையாவிட்டால் செல்லிலிருந்து லேண்ட்லைனுக்கு ஒரு கால் போட்டுப் பேசிப் பாருங்கள். இது உங்கள் வீட்டை மட்டும் சோதிக்கும்.

ஆபரேட்டர் பக்கத்தைச் சோதிக்க, மின்வாரியமே நமக்கு மாதா மாதம் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போடுவார்களே, காலை ஒன்பது மணி முதல் மதியம் வரைக்கும், சில சமயம் சாயங்காலம் வரைக்கும். உங்கள் பகுதி பெயர் வரும் அன்று அந்த ஏரியா முழுக்கக் கரண்ட் இருக்காது, ஆபரேட்டர் கடையிலும் பெரும்பாலும் இருக்காது. அன்று ஒரு நோட்டும் பேனாவும் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். கரண்ட் போன நேரத்தை எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு முறை விளக்கைப் பாருங்கள். பச்சை போய்ச் சிவப்பு வந்த நேரத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம்தான் உங்கள் ஆபரேட்டரின் பேட்டரி. எந்த விளம்பரமும் எந்தக் கஸ்டமர் கேரும் உங்களுக்குச் சொல்லாத எண் அது. தெரிந்த பிறகு அவரிடமே போய் மரியாதையாகக் கேளுங்கள். ‘எங்கள் வீட்டில் இதய நோயாளி இருக்கிறார் தம்பி, புயல் சமயத்தில் ஜெனரேட்டர் வைப்பீர்களா?’ கேட்கிற வீடு பத்து ஆனால் அவரும் பேட்டரி மாற்றுவார். நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட் ஹவர். நஷ்டம் போகக் கைக்கு வருவது சுமார் 1,200 என்று வையுங்கள். சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு ஃபேன், மூன்று எல்இடி பல்பு ஓடினால் ஏழு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஃபைபர் பெட்டி இழுப்பதோ எட்டிலிருந்து பன்னிரண்டு வாட்தான். இன்வெர்ட்டர் தானே தின்னும் கொஞ்சத்தையும் சேர்த்தாலும், பெட்டி மட்டும் இருந்தால் ஒரு நாளைத் தாண்டும். இதெல்லாம் புது பேட்டரிக்கு. நான்கு வருடம் ஆனதென்றால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் கடைசியாக எப்போது ஊற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். புயல் வந்தால் கடலூரிலும் புதுச்சேரியிலும் காற்று ஏறும்போதே பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்திவிடுவார்கள், கம்பங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் கொடுப்பார்கள். அதனால் கரண்ட் போனவுடன் ஃபேனை நிறுத்திப் பேட்டரியை மிச்சம் பிடியுங்கள். மழை நாளில் ஒரு ஃபேன் போதும், ஐயா இருக்கும் அறைக்கு.

ரவுட்டர் என்கிற இந்த மாதிரிப் பெட்டிகளுக்கென்று ‘மினி யுபிஎஸ்’ என்ற சின்னப் பேட்டரி கடையில் கிடைக்கிறது. உள்ளங்கை அகலம், 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்குள் வரும். வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இன்வெர்ட்டர் தீர்ந்த பிறகும் சில மணி நேரம் கிடைக்கும், கரண்ட் வந்து வந்து போகும்போது பெட்டி அணையாது. ஆனால் அட்டையில் 10,000 எம்ஏஹெச் என்று போட்டிருப்பதைப் பார்த்து இரண்டு நாள் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வாட்டில் பார்த்தால் 37 வாட் ஹவர். எட்டு வாட் பெட்டிக்கு நான்கு மணி நேரம், அவ்வளவுதான். வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் யுபிஎஸ் சேராது, முள்ளும் பொருந்த வேண்டும். கார் பேட்டரியை நேராகக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், இன்வெர்ட்டர் தரையில் இருந்தால் இரண்டு அடி உயரத்துக்கு ஏற்றுங்கள். ஃபெஞ்சலுக்கு இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். மழை நின்ற பிறகும் தண்ணீர் வரும் ஊர் அது.

வீட்டுக்கு வெளியே வந்து ஃபைபர் ஒயர் எந்த வழியாக வருகிறது என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். கம்பத்திலிருந்து உங்கள் மாடிக்கு வரும் வழியில் முருங்கை மரம் இருந்தால் அதன் கிளையைக் கழித்துவிடுங்கள். முருங்கை காற்றுக்கு முதலில் ஒடியும், ஒடியும்போது ஒயரையும் கொண்டுபோகும்.

உங்கள் மகன் அனுப்பும் பெட்டிக்கு வருகிறேன். பாசத்தில் சொல்கிறார், அதில் குற்றம் இல்லை. அந்தப் பெட்டி உங்கள் வீட்டு இன்டர்நெட்டின் மேல் ஏறிச் செல்வது. அதற்கும் அதே வெள்ளைப் பெட்டி, அதே ஃபைபர், அதே கரண்ட்தான் அடிப்படை. அடியில் இருப்பது விழுந்தால் மேலே இருப்பதும் விழும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அமெரிக்க நம்பர் போட்ட பெட்டியில் நீங்கள் 108 போட்டால் கடலூர் ஆம்புலன்ஸுக்குப் போகாது. அவர்கள் ஊரின் அவசர எண்ணான 911 போட்டால், மகன் பதிவு செய்து வைத்திருக்கும் அமெரிக்க முகவரிக்குத்தான் உதவி கிளம்பும். அமெரிக்காவில் இதற்காகவே 2005-ல் விதி கொண்டுவந்தார்கள். இன்டர்நெட் போன் கொடுக்கும் கம்பெனி, வாடிக்கையாளர் இருக்கும் முகவரியை வாங்கிப் பதிந்து, 911 அழைப்பை அந்த இடத்துக்கு உரிய மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று. கரண்ட் போனால் வீட்டு போன் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லி, கேட்பவர்களுக்கு எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியை விற்க வேண்டும் என்று 2015-ல் இன்னொரு விதி போட்டார்கள். அந்தப் பேட்டரியைப் பிறகு 24 மணி நேரத்துக்கு உயர்த்தச் சொன்னார்கள். நம் ஊரில் ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருகிறவர் வாசலிலேயே இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு அந்த ராத்திரி வந்திருக்காது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மகனிடம் சொல்லுங்கள்: பெட்டி வரட்டும், ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு வைத்துக்கொள்கிறோம்; அவசரத்துக்கு வேண்டாம்.

மகள் சொல்லும் வாட்ஸப்பும் அப்படித்தான். அதில் 108-க்கோ 112-க்கோ கால் போட முடியாது. மனிதர்களோடு பேசலாம், அவசர எண்களோடு பேச முடியாது. ஆனால் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். அடுத்த முறை வரும்போது உங்கள் இருவர் செல்லிலும் ‘வைஃபை காலிங்’ என்ற வசதியைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். டவர் விழுந்து, உங்கள் ஃபைபர் மட்டும் இன்வெர்ட்டரில் உயிரோடு இருந்தால், அந்த வைஃபை வழியாகவே உங்கள் சொந்த நம்பரில் சாதாரண கால் போகும். டவருக்கும் பேட்டரிதான், டீசல்தான். புயல் ராத்திரியில் சில மணி நேரத்தில் அதுவும் அடங்கும். எது முதலில் போகும் என்று சொல்ல முடியாததால்தான் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இப்போது அந்த இரண்டாவது வழி. ஒரு சாதாரண பட்டன் செல் வாங்குங்கள். ஸ்மார்ட்போன் வேண்டாம். பட்டன் செல் ஒரு தடவை சார்ஜ் போட்டால் பேசாமல் வைத்திருக்கும்வரை சில நாள் தாங்கும். அதில் போடும் சிம், இப்போது உங்கள் செல்லில் இருக்கும் கம்பெனியுடையதாக இருக்கக் கூடாது. வேறு கம்பெனி. மஞ்சக்குப்பத்தில் உங்கள் வீட்டுக்குள்ளேயே அதற்கு சிக்னல் எடுக்கிறதா என்று யாரிடமாவது கடன் வாங்கியாவது பார்த்துவிட்டு வாங்குங்கள். மாதம் ஒரு தடவை சார்ஜ் போட்டு, அதிலிருந்து மகளுக்கு ஒரு கால் பேசுங்கள். ரீசார்ஜ் முடிந்துபோய் அலமாரியில் கிடக்கும் செல் யாருக்கும் உதவாது. திரையில் ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’ என்று காட்டினால் செத்துவிட்டது என்று வைத்துவிடாதீர்கள். உங்கள் கம்பெனி டவர் இல்லை, வேறு டவர் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். அப்போது 112 போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் புயல் நேரத்தில் கால் போகவில்லையென்றால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கால் நுழையாத நெரிசலிலும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ‘நலம். கரண்ட் இல்லை. நாளை பேசுகிறோம்’ என்று அனுப்பினால் அமெரிக்காவில் ஒருவர் நிம்மதியாக இருப்பார்.

எண்களைச் செல்லில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி போனுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். 108, 112. ஆட்சியர் அலுவலகப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. செல்லிலிருந்து போகாவிட்டால் முன்னால் கடலூர் எஸ்டிடி கோடு 04142 சேர்த்துப் போடுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. அதற்குக் கீழே ஐயாவின் டாக்டர், பக்கத்து வீட்டுப் பையன், ஆட்டோக்காரர். அதற்கும் கீழே உங்கள் முகவரி, எந்தக் கோயிலுக்கு எதிர்ச்சந்து, வீட்டு கேட் என்ன நிறம் என்பது வரைக்கும். பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது, நான் பார்த்திருக்கிறேன். ஐயா சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பையன் உங்களுக்குப் பதிலாகப் பேசினாலும் வாசித்துக் காட்டலாம்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களில் கன்னியக்கோயில், பாகூர், ரெட்டிச்சாவடி பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தமிழ்நாடும் புதுச்சேரியும் வயல் வரப்பு மாதிரி கலந்து கிடக்கின்றன. உங்கள் செல் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து, அவசர அழைப்பு மறுபக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். அதனால் எடுத்தவுடன் முதல் வார்த்தையாக ஊர் பெயரும் மாவட்டமும் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அம்மா, புயல் எச்சரிக்கை வந்தால், மூச்சு வாங்கும் மனிதரை வைத்துக்கொண்டு அந்த ராத்திரியை வீட்டில் தனியாகக் கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. போன் எதுவும் சரியில்லாத ராத்திரியில், சாலையில் மரம் விழுந்து கிடந்தால் ஆம்புலன்ஸும் வர முடியாது. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். அது முடியாவிட்டால் அந்தப் பக்கத்து வீட்டுப் பையனை அன்றிரவு உங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுக்க மாட்டான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

அடுத்த மாதப் பராமரிப்பு மின்தடை அன்று நோட்டில் எழுதிய நேரங்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளையும், அடாப்டரில் உள்ள எழுத்துகளையும் மகளை விட்டு ஒரு போட்டோ எடுத்து அதோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த மினி யுபிஎஸ் அதற்குப் பொருந்தும் என்று பார்த்து எழுதுகிறேன்.